பாய்ப் பலகைக்கு ஒரு கம்பம்

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஏரியில் இறங்கவில்லை.

இறங்காததை எழுதவா இந்த வாரம் பேனாவை எடுத்தாய் என்று கேட்பீர்கள். கேட்கலாம். குழந்தைக்குக் கக்குவான் வந்ததையும், மழையில் அடுப்பு பற்றாததையும் இந்தப் பக்கத்தில் எழுதியவள்தான் நான். அவற்றை எழுதும்போது கை கூசியதில்லை. இந்த வாரம் கூசுகிறது...

அவர் இறங்காததற்குக் காரணம் நான். இறங்கலாம் என்று எல்லாம் தயாரானதற்கும் காரணம் நான்தான்.

முதலில் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் எஸ்டேட் சூரியநெல்லிக்கு மேலே. என் கணவர் இங்கே டீ மேக்கர். பச்சை இலை தொழிற்சாலைக்குள் வருவதிலிருந்து பெட்டியில் அடைபட்டு லாரி ஏறும் வரை அவர் பொறுப்பு. இங்கே மேனேஜராக இருந்த வெள்ளைக்கார துரை ஊருக்குத் திரும்பியபோது பங்களாப் புல்வெளியில் அவர் சாமான்களைப் பரப்பி விற்றார்கள். ஹெட் கிளார்க் வீட்டில் ஃப்ரிட்ஜ் வாங்கினார்கள். ஸ்டோர்கீப்பர் வீட்டில் கம்பளம். டாக்டர் வீட்டில் ஒரு டஜன் பீங்கான் தட்டு.

என் கணவர் வாங்கியது ஒரு பலகை.

"என்னங்க இது, இஸ்திரி போடற மேசைங்களா?" என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இஸ்திரி மேசைக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்றுதான் புரியவில்லை.

"விண்ட்சர்ஃபர் புள்ள!" என்றார். இருபத்தொன்பது வயது மனிதரின் முகத்தில் என் மூன்றரை வயது மகளின் முகம்.

உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். நீளமான பிளாஸ்டிக் பலகை. நடுவில் ஒரு கம்பம். கம்பத்தில் முக்கோணமாக ஒரு பாய். பாயை இரண்டு பக்கமும் கவ்வியபடி, வில் மாதிரி வளைந்த தேக்குக் கைப்பிடி. ஆள் பலகை மேல் நின்றுகொண்டு கைப்பிடியைப் பிடித்துச் சாய்ந்தால், காற்று ஏரி மேல் இழுத்துக்கொண்டு போகும். துடுப்பு கிடையாது, மோட்டார் கிடையாது. வெளிநாட்டில் இப்போது இதுதான் மோகமாம். எங்கள் எஸ்டேட்டுக்குக் கீழே அணைத் தண்ணீர் ஏரியாக விரிந்து கிடக்கிறது. அதில் துரை போவதை என் கணவர் தொழிற்சாலை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து ஆசை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்தான் லயம். லயத்து ஜனங்கள் பலகைக்கு வைத்த பெயர் 'தொரை பலகை'.

பலகை வீட்டுக்கு வந்த நாள் எனக்கு எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டி எடுத்து எடுத்துக் காட்டினார்கள். எங்கள் வீட்டு முற்றத்தில் கோழி எச்சம் படிந்த ஒரு பிளாஸ்டிக் பலகை. துரையின் கார் ஷெட்டில் அதன் மேல்தான் கோழிகள் தூங்கியிருக்கின்றன. ஊருக்கு, எருத்தேன்பதிக்கு, என் அம்மாவுக்குக் கடிதம் எழுதியபோது துரை வீட்டில் "ஒரு சாமான்" வாங்கியதாக மட்டும் எழுதினேன்.

அதைச் சரிசெய்யும் வேலை தொடங்கியது.

பலகையின் மூக்கில் விரிசல். விரிசல் வழியாக உள்ளே தண்ணீர் புகுந்து, இரண்டு ஆள் தூக்கினாலும் முனகும் கனம். அடியில் சின்னதாக ஓட்டை போட்டு, பாய்லர் அறையின் வெளிச்சுவரில் அதைச் சாய்த்து நிற்க வைத்தார். சூட்டில் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டே இருந்தது. தொழிற்சாலைக்கு உள்ளே வைக்க அவருக்கே மனமில்லை; பூஞ்சை நாற்றம் தேயிலையில் ஏறிவிடும். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம், "சார், பலகை இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஒழுகி முடிந்ததும் ஓட்டையை ஒரு திருகாணியால் அடைத்தார். அடுத்து விரிசலை அடைக்க வேண்டும். பசை எதுவும் அந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிறவர்கள் செய்வது போல, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் இன்னொரு பிளாஸ்டிக்கை உருக்கி இழுத்து ஒட்டினார். அந்த இன்னொரு பிளாஸ்டிக் என் மகள் வாணியின் குளிக்கிற வாளி. சிவப்பு வாளி. அதனால் துரையின் வெள்ளைப் பலகைக்கு மூக்கு மட்டும் சிவப்பாகிவிட்டது, ஜலதோஷம் பிடித்த குழந்தை மாதிரி.

பலகைக்கு நடுவில் ஒரு பிளவு உண்டு. அதில் ஒரு மரச்சட்டத்தை இறக்கினால்தான் பக்கவாட்டில் நழுவாமல் நேராகப் போகுமாம். அந்தச் சட்டம் காணவில்லை. தேடினால், பங்களாச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது! கத்திக் கோடுகளோடு மீட்டுக்கொண்டு வந்தார். கம்பத்தைப் பலகையோடு பிணைக்கிற ரப்பர் மூட்டு இற்றுப்போயிருந்தது. கழித்துப் போட்ட மிஷின் பெல்ட்டைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கி, இரும்புத் தகட்டுக்கு நடுவே வைத்து முடுக்கினார். எந்தப் பக்கம் தள்ளினாலும் கம்பம் சாய வேண்டும், ஆனால் கழன்றுவிடக் கூடாது. அதுதான் அதன் சூட்சுமமாம்.

பாய் என் பங்கு. கரும்புள்ளி விழுந்து, தையல் விட்டு, எலி கடித்துக் கிடந்தது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டேன். கைமிஷினில் தைத்தேன். ஊசிகள் முறிந்தன. சாக்குத் தைக்கும் ஊசியால் கையிலேயே தைத்து முடித்தேன். பாய் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு ஜன்னல் இருந்து கிழிந்துபோயிருந்தது. அங்கே மேசைக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பை வைத்துத் தைத்தேன்.

எனக்கே ஆச்சரியம்... வெட்கம் எங்கோ போய்விட்டது. அது எங்கள் பலகை ஆகிவிட்டது.

ஆனால் கம்பம்?

கம்பம் துரை விற்ற சாமான்களில் இல்லவே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எஸ்டேட்டில் எல்லாருக்கும் தெரியும். மேல் லயத்து மாரியம்மன் கோயில் முன்னால் நிற்கிறது.

ஊருக்குப் புறப்படுவதற்கு வெகு முன்பே துரை அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். லயத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி போய், திருவிழாவுக்குக் கொடி ஏற்ற ஒரு நல்ல கம்பம் வேண்டும் என்று நின்றிருக்கிறார். துரைக்குச் சிரிப்பு வந்ததாம். எடுத்துக்கொள் என்றாராம். வழவழப்பான ஃபைபர் கம்பம். மேலே போகப் போக மெலியும். மழையில் உளுக்காது, வெயிலில் வெடிக்காது. சிமெண்ட் மேடை கட்டி அதில் நட்டு, அடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டார்கள். இரண்டு வருடமாக ஆத்தாவின் கொடி அதில்தான் ஏறுகிறது.

என் கணவர் அதைக் கேட்க நினைக்கவே இல்லை. சில்வர் ஓக் மரத்தைச் செதுக்கிப் பார்த்தார். கனம் தாங்காமல் மூட்டு பிய்ந்தது. மூங்கிலைப் பார்த்தார், பாயின் உறைக்குள் அதன் கணு நுழையவில்லை. சாயங்காலம் வந்து பலகையின் சிவப்பு மூக்கைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அதுதான் நான் செய்த தவறு... இல்லை, பொறுக்காமல் போனது தவறில்லை. அதற்கப்புறம் வாயைத் திறந்தேனே, அதுதான்.

காலையில் எங்கள் வீட்டில் வேலைக்கு வருபவள் பேச்சி. மேல் லயத்துக்காரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வாணிக்கு என்னைவிட அவளைத்தான் பிடிக்கும். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் நின்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"பேச்சிக்கா, கோயில் கம்பம் திருவிழாவுக்கு மட்டும்தானுங்க? மத்த நாளெல்லாம் சும்மாதானே நிக்குது?"

"ஆமாம்மா. வருசத்துக்கு ஒருக்கா கொடி ஏறும்."

"இல்ல... அது கொஞ்ச நாளைக்கு இவருக்குக் கெடச்சா எவ்வளவு ஒதவியா இருக்கும்னு நெனச்சேன்."

பேச்சியின் கை நின்றது. பிறகு மறுபடியும் தேய்த்தது.

"கங்காணி மாமாகிட்டச் சொல்லுதேம்மா."

"அய்யோ, வேண்டாங்க, வேண்டாம்! சும்மா கேட்டேன்."

"சரிம்மா."

அவ்வளவுதான் பேச்சு. சத்தியமாக அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பக்கம் பேச்சில் 'ங்க' போட்டுவிட்டால் மரியாதை முடிந்தது என்று நம்பி வளர்ந்தவள் நான். உத்தரவு போடவில்லை, அதட்டவில்லை. வேண்டாம் என்றும் சொன்னேன். வேறென்ன செய்ய வேண்டும் ஒருத்தி?

அந்த வாரமே ஒரு சாயங்காலம் வாசலில் நான்கு பேர். தோளில் கம்பம். அதன் நடுவில் மஞ்சள் துணி சுற்றி ஓர் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. முன்னால் கங்காணி, தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. வாழையிலை விரித்து அதன் மேல்தான் கம்பத்தை இறக்கினார்கள்.

"ஆத்தா சந்தோசமாக் குடுத்துட்டா சார்" என்றார் கங்காணி.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"திருவிழா வருதே கங்காணி. உங்களுக்குக் கம்பம்?"

"மூங்கி வெட்டியாச்சு சார். பச்சை மூங்கி. ஆத்தாவுக்கு அதுவும் புடிக்கும்."

பின்னால் நின்ற ஒருவர், "தொரை பலகைக்குத் தொரை கம்புதானே சார் சேரும்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லாருக்கும் காப்பி கொடுத்தேன். நல்ல டம்ளரில் கொடுத்தேன் என்று மனசுக்குள் எனக்கு ஒரு பெருமை வேறு.

அவர்கள் போன பிறகுதான் என் கணவர் கம்பத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"அறுத்துட்டாங்களே புள்ள..."

கம்பம் சிமெண்டோடு இறுகியிருந்திருக்கிறது. பிடுங்க வரவில்லை. மேடைக்குச் சமமாக ரம்பம் வைத்து அறுத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். மஞ்சள் பூசின இடத்திலேயே, குங்குமத்துக்கு நடுவிலேயே.

"நீ கேட்டயா?"

"சும்மா பேச்சுவாக்குல..."

அவர் கம்பத்தைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தார். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆத்தாவே சந்தோஷமாகக் கொடுத்ததாகக் கங்காணி சொன்னாரே? பெரியவர் வாயால் சொன்ன பிறகு நான் எதற்கு மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டும்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

அறுபட்ட அடியில் தேக்குக் கட்டை ஒன்றைக் கடைந்து செருகி, ஆணி அடித்து, குறைந்த உயரத்தை ஈடுகட்டினார். பாயின் உறைக்குள் கம்பம் வழுக்கிக்கொண்டு ஏறியது. முற்றத்தில் நிறுத்திப் பார்த்தோம். காற்று வந்து பாய் புடைத்துக்கொண்டது. மேசை விரிப்பு ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. வாணி கைதட்டினாள். ஃப்ரிட்ஜ் வீட்டுப் பெண்கள் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரியில் இறக்குவது என்று முடிவாயிற்று.

எனக்குத் தூக்கம் போயிற்று. அவருக்கு நீச்சல் தெரியும். எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவர். ஆனால் கிணறும் அணையும் ஒன்றா? குளிரில் கை விறைத்தால்? காற்று நடு ஏரிக்குக் கொண்டுபோய் நின்றுவிட்டால்? அக்கரைக்கு யானை வரும் இடம் அது. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் ஒரே பதில் வைத்திருந்தார். "வெளயாட்டுத்தானே புள்ள."

சனிக்கிழமை சாயங்காலம் வாணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். வாளி போய்விட்டதால் அண்டாவில் உட்கார்ந்து தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் கோயில்ல பூ எடுத்தேனே!"

"என்ன பூ கண்ணு?"

"பொட்டலம். எலைக்குள்ள இருந்துச்சு. செவப்பு."

அவள் முதுகில் சோப்பு போட்டுக்கொண்டிருந்த என் கை நின்றது. பேச்சியின் கை நின்ற மாதிரியேதான்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் ஆத்தாவுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்று அர்த்தம்.

"எப்போ கண்ணு எடுத்தே?"

"கம்பு கொண்டாந்தாங்கல்ல... அதுக்கு முன்னால. பேச்சிக்கா கூட்டிட்டுப் போச்சு."

"செவப்பு வந்ததும் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எல்லாரும் கம்முனு இருந்தாங்க. கங்காணித் தாத்தா மறுபடியும் எடு தாயின்னாரு. மறுபடியும் செவப்பு!" வாணிக்கு ஒரே சந்தோஷம். சிவப்பு அவளுக்குப் பிடித்த நிறம். "அப்புறம் மிட்டாய் குடுத்தாரு. அம்மாகிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு."

சொல்லிவிட்டுத் தண்ணீரை ஓங்கி அடித்தாள். என் முகமெல்லாம் தெறித்தது. நல்லதாகப் போயிற்று.

எதற்கு என் குழந்தையை எடுக்க விட்டார்கள்? இப்போது புரிகிறது. என் வீட்டுக் குழந்தையின் கையாலேயே வெள்ளை வந்துவிட்டால் ஆத்தாவுக்கும் மனக்குறை இல்லை, டீ மேக்கர் வீட்டுக்கும் மனக்குறை இல்லை. வரவில்லை. மன்றாடி இரண்டாம் தடவையும் கேட்டிருக்கிறார்கள். அப்போதும் வரவில்லை. ஆத்தா இரண்டு தடவை வேண்டாம் என்றாள். நானும்தான் "வேண்டாங்க, வேண்டாம்" என்று இரண்டு தடவை சொன்னேன். எங்கள் இருவரில் ஆத்தா சொன்னது நிஜம் என்றும், நான் சொன்னது நிஜமில்லை என்றும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் ரம்பத்தை எடுத்தார்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியாதா? பேச்சியின் மூத்த மகள் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் வேலை பார்க்கிறாள். இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரம் ஆவது என் கணவர் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது. அடுப்படியில் நின்று நான் கேட்டபோது இது என் நினைவிலேயே இல்லை. பேச்சிக்கு அது ஒன்றுதான் நினைவில் இருந்திருக்கும். படித்தவள் நான். பத்திரிகையில் எழுதுகிறவள் வேறு!

அம்மனுக்குப் பயப்படாதவர்கள் எனக்குப் பயந்திருக்கிறார்கள்.

குழந்தையைத் துவட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். என் கணவர் கைப்பிடியின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நாளைக்குப் போக வேண்டாங்க."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டயா? காத்தைப் பாரு, என்னமா வருது!"

சொன்னேன். சிவப்புப் பூவையும் சொன்னேன், மிட்டாயையும் சொன்னேன். அவர் முடிச்சைப் பிடித்தபடியே கேட்டார். பிறகு அதை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"திருப்பிக் குடுத்துடலாங்க."

"குடுத்துடலாம்." கயிற்றைச் சுருட்டிக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கறேன். அவிய பயந்து குடுத்தாங்கன்னு திருப்பித் தரச் சொல்றயா? இல்ல, சாமி வேண்டாம்னு சொல்லிருச்சு, நான் தண்ணில போயிருவேன்னு சொல்றயா?"

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றி வைத்துக்கொண்டேன்.

வெட்கம்தான் என்று உங்களிடம் எழுதிவிட ஆசை. வெட்கம் இருந்தது, பொய் இல்லை. ஆனால் சிவப்பு என்று குழந்தை சொன்ன நொடியில் என் கண் முன்னால் வந்தது பேச்சி இல்லை. ஆள் இல்லாமல் நடு ஏரியில் மிதக்கிற ஒரு பலகை. சிவப்பு மூக்குப் பலகை. பேச்சி அதற்கப்புறம்தான் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்களே கம்பத்தைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினோம். முன்னால் அவர், பின்னால் நான், நடுவில் எலுமிச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாணி. குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். திண்டில் உட்கார்ந்திருந்த ஆண்கள் எழுந்து நின்றார்கள். எத்தனையோ தடவை இப்படி எழுந்து நின்றிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது.

என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கங்காணி எனக்கு இடமே கொடுக்கவில்லை.

"என்ன சார், கொறை எதும் இருக்கா? நீளம் பத்தலையோ?" பதறிவிட்டார். "நான் அப்பவே சொன்னேன், அடியோட தோண்டிருவோம்னு. இவனுகதான் அவசரப்பட்டு ரம்பத்தப் போட்டுட்டானுக. மன்னிச்சுக்கிடுங்க. டேய், அந்தக் கடப்பாறையக் கொண்டாங்கடா! மேடைய ஒடச்சு மிச்சத்த எடுத்துருவோம்."

நிஜமாகவே ஒருவர் கடப்பாறையோடு வந்துவிட்டார்.

"இல்லீங்க, இல்லீங்க!" என்று நான் கத்தியேவிட்டேன். "திருப்பிக் குடுக்க வந்தோமுங்க. வாணி எல்லாம் சொல்லிட்டா. பூ கேட்டது, செவப்பு வந்தது... எல்லாம்."

பேச்சி கூட்டத்தில் நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. என் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் எதையோ தேடினாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை.

"பேச்சிக்கா, உங்க மக வேலைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. நீங்க அதை நெனச்சுப் பயப்படவே வேண்டாம்."

சொல்லி முடித்ததும்தான் தெரிந்தது. அதுவரை அந்த வேலையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. எல்லாரும் அறிந்து, எல்லாரும் மூடி வைத்திருந்த ஒன்றை ஊர் நடுவில் எடுத்துப் போட்டவள் நான்தான். பேச்சியின் முகம் சுருங்கிப்போயிற்று.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றாள். "நாங்க அப்படியெல்லாம் நெனைக்கல."

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் இன்னொன்று செய்துவிட்டு நின்றேன்.

நல்ல வேளையாக என் கணவருக்குப் பேச வராது. அவர் பாட்டுக்கு மேடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அறுபட்ட அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய், கழித்துப் போட்ட நீராவிக் குழாயில் ஒரு துண்டு கொண்டுவந்தார். மேடையைக் கொஞ்சம் கொத்தி, குழாயை நிறுத்தி, சுற்றிலும் சிமெண்ட் பூசி, மறுநாள் சாயங்காலம் அது காய்ந்த பிறகு கம்பத்தை அதற்குள் இறக்கினார்கள். பலகைக்காகச் செருகிய தேக்குக் கட்டை குழாய்க்குள் சிக்கென்று உட்கார்ந்தது.

"இனி அறுக்க வேண்டியதில்ல. தூக்குனா வந்துரும்" என்றார் என் கணவர்.

"ரொம்ப வசதி சார்" என்றார் கங்காணி. "உங்களுக்கு வேணுங்கறப்ப கழட்டிக்கிடலாம்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கேலியா, உபசாரமா? எனக்குத் தெரியவில்லை. என் கணவர் சிரித்தார். நான் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

முந்தாநாள் கொடியேற்றம். நாங்களும் போயிருந்தோம். மஞ்சள் கொடி ஏறியதும் ஏரிப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஃபைபர் கம்பம் நுனியில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. பச்சை மூங்கில் அப்படி வளையாது. எல்லாரும் கொடியைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என் கணவர் கம்பத்தின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல காத்து" என்றார், யாருக்கோ சொல்வது போல.

பலகை இப்போது கட்டிலுக்கு அடியில், சிவப்பு மூக்கை வெளியே நீட்டியபடி இருக்கிறது. பாயை மடித்து நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். வேறு கம்பம் கிடைக்கலாம். கொச்சியில் படகு கட்டும் யாரையோ விசாரிக்கப் போவதாகச் சொல்கிறார். விசாரிக்கட்டும். நான் யாரையும் எதுவும் கேட்பதாக இல்லை.

ஆனாலும் ஒன்றே ஒன்று மனதை அரித்துக்கொண்டிருந்தது. கூட்டம் கலையும்போது பேச்சி விபூதித் தட்டோடு வந்தாள். வாணியின் நெற்றியில் பூசிவிட்டாள். ஆத்தாவின் கோபம் தணிந்ததா என்று தெரிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் போலிருந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

"பேச்சிக்கா, கம்பத்தைத் திருப்பி வெச்சதுக்கு ஆத்தாகிட்டப் பூ கேட்டீங்களா?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கும்மா பூவு? அதான் நீங்களே சொல்லிட்டீகளே!"